மாணவர் ஊழியக் குழு, பாளையங்கோட்டை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் இன்னொரு ஆண்டை முடித்திருக்கிறோம்.

செமஸ்டர் தேர்வு வாரங்கள் தவிர, சனிக்கிழமை வேதபாடம் ஒழுங்காக நடந்தது. மாற்கு சுவிசேஷத்தை முடித்தோம். டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ் வழக்கம்போல. மழையிலும் பிள்ளைகள் குறை வைக்கவில்லை.

கல்லூரி வாசலில் சுவிசேஷக் கைப்பிரதி (துண்டுப்பிரசுரம்) கொடுப்பதை நிறுத்தியதில் பெரியவர்கள் சிலருக்கு வருத்தம். ஆனால் கைப்பிரதியை வாங்கிப் படித்துவிட்டு நம்மைத் தேடி வந்தவர் யாரும் என் நினைவில் இல்லை. வேதபாடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஹாஸ்டலில் அறைத்தோழன் கூட்டிவந்தவர்கள்தான். நட்பின் வழியாக அழைப்பது நம் ஊருக்குப் புது யோசனையும் அல்ல. வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா, 1895இல் ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) ஊழியராக இளைஞர்கள் நடுவேதான் தொடங்கினார். 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்நின்றவரும் அவரே. 1910 எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், 'ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்' என்ற கருத்தில் வெள்ளைக்கார மிஷனெரிமாரின் முகத்துக்கு நேரே பேசினார். அந்தத் துணிச்சல் இன்றைக்கும் லேசில் வராது.

இதைப் பற்றிப் பேசிய கூட்டத்தில்தான் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் எழுந்தார். "அண்ணே, சம்பந்தம் பேசும்போது சபையில சாதி பாக்காங்களே, அப்புறம் என் ஃப்ரெண்ட எந்த முகத்தோட கூப்பிட?" என்றார். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். இன்னும் பேசவில்லை. கேள்வி நிலுவையில் இருப்பதாகவே பதிவு செய்கிறேன்.

நமது வழக்கறிஞர் அங்கத்தினர் எடுத்த சட்ட வகுப்பு நல்ல பயன் தந்தது. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் அந்த உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதையொட்டிச் செயற்குழு இரண்டு முடிவுகள் எடுத்தது. நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் கல்லூரி வளாகத்தில் கூடுவதில்லை. ஃபீஸ் கட்ட நம்மிடம் உதவி பெறும் பிற மத மாணவரை நாமாக வேதபாடத்துக்கு அழைப்பதில்லை. இரண்டாவதற்கு எதிர்ப்பு இருந்தது. சாப்பாடு போட்டுவிட்டு சாட்சி கேட்பது சரியில்லை என்பதே என் எண்ணம்.

வெளியூர் மாணவர்களுக்கு ஞாயிறு மதியம் சாப்பாடு போட இன்னும் சில வீடுகள் தேவை. விருப்பமுள்ளவர்கள் வாசலில் உள்ள நோட்டில் பெயர் எழுதவும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்