“கடைசியா எப்போ சாப்பிட்டார்?” என்று கேட்ட தம்பிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

சுங்கை சிப்புட் வட்டார உறவுகளுக்கும், அன்று வந்த ஆம்புலன்ஸ் குழுவினருக்கும் வணக்கம்.

தோட்டத்தில் மயங்கி விழுந்த அப்பா இப்போது நலமாக இருக்கிறார். வாட்ஸ்அப்பில் விசாரித்த எல்லாருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அது பக்கவாதம் இல்லை. காலையில் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பசியாறாமலே செம்பனைக் குலை வெட்டக் கிளம்பிவிட்டார். இரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது.

வாய் குழறி, வலது கை தொங்கிப்போய்க் கிடந்தவரை முதலில் பார்த்தது வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணன். மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோய்விடலாம் என்று நாலு பேர் சொல்ல, வேண்டாம் என்று தடுத்து 999-க்கு அடித்தவர் அவர்தான். யாரோ மைலோ கலக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று போனில் சொன்ன அந்தக் குரலுக்கும் நன்றி. மைலோ கொண்டுவந்த அன்புக்கும்தான்!

செம்பனைக் காட்டில் முகவரி ஏது? “பழைய ஆயா கொட்டகை தாண்டி, இரண்டாவது சந்து” என்றால் நமக்குப் புரியும், வெளியிலிருந்து வருகிறவருக்கு எப்படிப் புரியும்? நம் பையன்கள் சாலை முனையிலிருந்து திருப்பத்துக்குத் திருப்பம் மோட்டாரோடு நின்று, சட்டையைக் கழற்றி வீசி வழி காட்டியிருக்கிறார்கள். குலை ஏற்றி வந்த லோரிக்காரர் அந்த ஒற்றை மண்பாதையில் வண்டியைப் பின்னோக்கியே எடுத்து வழி விட்டார். டிரெசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) காலம் போய் தோட்டத்து மருந்தறை பூட்டிக் கிடக்கிற நாளில், நமக்கு நாம்தானே.

நான் அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்ச் சேரவும் ஆம்புலன்ஸ் வரவும் சரியாக இருந்தது. இறங்கிய உதவி மருத்துவ அதிகாரி, மலாய்க்காரத் தம்பி, நேராக அப்பாவிடம் ஓடுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் மேலே பார்த்தார். குலை வெட்டும் அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டுவிட்டதா, அரிவாள் எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மண்டியிட்டார். கூப்பிட்டுப் பார்த்தார், தோளைத் தட்டினார், வாய்க்குள் பார்த்தார், மூச்சை எண்ணினார், நாடி பிடித்தார். கண் திறப்பு, பேச்சு, கைகால் அசைவு மூன்றையும் கூட்டி மதிப்பெண் போடுவார்களாம். நல்ல நிலையில் 15, ஆக மோசம் 3. அப்பாவுக்கு 10 என்று எழுதினார்.

கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே கேள்விகளும் வந்தன: என்ன மருந்து சாப்பிடுகிறார், எந்த மருந்தாவது ஒத்துக்காதா, கடைசியாக எப்போது சாப்பிட்டார்? ஓட்டுநர் அண்ணன் தமிழில் கேட்டு, பதற்றத்தில் இருந்த அம்மாவிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்தார். சுற்றி நின்ற நாங்கள் எல்லாரும் பக்கவாதம் என்றே முடிவு கட்டியிருந்தோம். “காலையிலேயே தண்ணி போட்டிருப்பார்” என்று ஒரு முணுமுணுப்பும் காதில் விழுந்தது. தம்பி எதற்கும் காது கொடுக்கவில்லை. விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார். சர்க்கரை 1.8 mmol/L காட்டியது. 4-க்குக் கீழே போனாலே குறைவுதான். சர்க்கரை இப்படி இறங்கினால் பக்கவாதம் மாதிரியே ஒரு பக்கம் இழுக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

கை நரம்பில் ஊசி ஏற்றி, குளுக்கோஸை மெதுவாக, மிக மெதுவாகச் செலுத்தினார். வேகமாகப் போனால் நரம்பு புண்ணாகுமாம். கொஞ்ச நேரத்தில் அப்பா கண்ணை விழித்து, “என் குலையை எண்ணியாச்சா?” என்றார். அம்மா அழுததும் சிரித்ததும் ஒன்றாகத்தான்.

அப்புறம் வீட்டுக்குப் போகலாம் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். தம்பி விடவில்லை. மாத்திரையின் வேகம் உடம்பில் இன்னும் இருக்கிறது, சர்க்கரை திரும்பவும் இறங்கலாம், மருத்துவமனையில் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். இனிப்பு நீர்க்காரர்களுக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வருவதுண்டு என்று வண்டியிலேயே இசிஜியும் எடுத்தார். அவர் சொன்னதுதான் நடந்தது. அன்று மாலை வார்டில் மறுபடியும் சர்க்கரை குறைந்தது. கவனித்துக்கொண்ட தாதியருக்கும் மருத்துவர்களுக்கும் எங்கள் நன்றி.

மண்டோர் அண்ணன், பையன்கள், லோரிக்காரர், ஓட்டுநர் அண்ணன், அந்தத் தம்பி, எல்லாருக்கும் வரும் ஞாயிறு மதியம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சாப்பாடு. வேலை நேரமாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள், பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து தருகிறோம். அம்மா ஏற்கெனவே அரிசிக்குச் சொல்லிவிட்டார்.

அன்புடன்,
மூத்த மகள், குடும்பத்தார் சார்பில்