பிரிவு 22-இல் உறங்கும் ஐம்பதாயிரம் ரூபாய்: வடிவமைப்புக் கொள்கையை வழிநடத்தும் தொழிலதிபருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2007 பிப்ரவரியில் தேசிய வடிவமைப்புக் கொள்கைக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்த கதையைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 2009-இல் இந்திய வடிவமைப்பு மன்றம் அமைந்து, அதன் தலைமை ஒரு தொழிலதிபரிடம் போனபோது, தொழிலின் வலி தெரிந்தவர் வருகிறார் என்று சிறு பட்டறைக்காரர்கள் நிம்மதி அடைந்தோம். இன்றோ, காப்பியடிப்பதை விட்டுப் புதிதாகச் சிந்தியுங்கள் என்று மேடைதோறும் எங்களுக்கே அறிவுரை கிடைக்கிறது. சிந்தித்தவனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம், பிரிவு 22. பதிவான வடிவத்தைத் திருடினால் திருடியவர் உரிமையாளருக்குத் தர வேண்டியது ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய் வரை. எத்தனை முறை திருடினாலும் ஒரு வடிவத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய்தான். இந்த உச்சவரம்பை எடுத்துவிடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

டேபிள் டாப் கிரைண்டரின் பிளாஸ்டிக் உடலையே எடுத்துக்கொள்வோம். சுவர் 3 மி.மீ. கனம் என்றால் அதை உள்ளே தாங்கும் ரிப் (விலா எலும்பு போன்ற பட்டை) ஏறத்தாழ 1.8 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மீறினால் வெளிப்பக்கம் குழி விழும். எஃகு அச்சில் பிளாஸ்டிக்கை வார்த்துப் பார்க்கும் முதல் ட்ரையலில்தான் அது கண்ணில் படும். ரிப்பைத் தடிப்பாக்க எஃகை இன்னும் கொஞ்சம் குடைந்தால் போதும். மெலிதாக்க வேண்டுமானால் அச்சிலுள்ள பள்ளத்தை வெல்டிங் வைத்து நிரப்பி, மறுபடி குடைந்து, பாலிஷ் போட வேண்டும். பிறகு இன்னொரு ட்ரையல். காப்பியடிப்பவருக்கு இதில் எதுவும் இல்லை. கடையில் ஒரு பீஸ் வாங்குகிறார், ஸ்கேன் செய்கிறார், அச்சு வெட்டுகிறார். எங்கள் பிழையெல்லாம் திருத்திய கடைசி வடிவம் அவருக்கு இலவசம். அவசரத்தில் சுருக்கத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறவர்களும் உண்டு. ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக் ஆறும்போது சுமார் 0.5 சதவீதம் சுருங்கும், 300 மி.மீ. நீளத்தில் 1.5 மி.மீ. போய்விடும், வேறு இடத்தில் வாங்கிய மூடி உட்காராது. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் புகார் மட்டும் அசல்காரரைத் தேடி வரும்.

அந்தத் தொகைக்குப் பதிலாக இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாமே என்பீர்கள். போடலாம். எதிராளி, பதிவுக்கு முன்பே நாம் வெளியிட்ட விளம்பரப் படம் ஒன்றைத் தேடிப்பிடித்து, இது புதிய வடிவமே அல்ல, பதிவு செல்லாது என்பார். உடனே வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். சிறு பட்டறை அதுவரை தாங்குமா? பதிவு செய்யாதவர் கதை இன்னும் மோசம்: பதிப்புரிமைச் சட்டம் 15(2)-இன்படி, இயந்திரத்தில் ஐம்பதைத் தாண்டி 51-ஆவது பீஸ் வெளிவந்ததுமே அவருடைய பதிப்புரிமை போயிற்று. அச்சு சூடேறி சீராக ஓடத் தொடங்கவே அத்தனை பீஸ் ஆகிவிடும்!

நல்ல வடிவங்களுக்கு மன்றத்தின் சார்பில் ஐ-மார்க் என்னும் அங்கீகார முத்திரை தருகிறீர்கள், மகிழ்ச்சி. காப்பியடிப்பவர் அந்த முத்திரையையும் சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்வார். தங்கள் நிறுவனத்தில் 2000-ஆம் ஆண்டு விலைப்பட்டியல் ஏதாவது இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா ஐயா? சட்டத்தில் இருக்கிறது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்பது தெரியும். தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையிடம் தங்கள் சொல் எடுபடும் என்பதும் தெரியும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பிரிவு 22-ஐச் சேர்த்து, அந்த 50,000 ரூபாய் வரம்பை நீக்கவும், அச்சுச் செலவையும் திருடியவர் விற்ற எண்ணிக்கையையும் வைத்து இழப்பீடு கணக்கிடவும் பரிந்துரைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சிறு அச்சுப் பட்டறையினரும் பொருள் வடிவமைப்பாளர்களும்