நாலு சுற்று வேண்டாம், மாப்ள

கம்பம்

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. குமுளியிலிருந்து நீ அனுப்பும் ஏலக்காய், மிளகு, தேன் பார்சல்கள் வழியிலேயே டேப் உரிந்து திறந்துகொள்கின்றன, தடியான டேப் வாங்கி நாலு சுற்றுச் சுற்றட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வீட்டில் எல்லாரும் சுகம். இங்கே திராட்சைக் கொடிகளில் கவாத்து வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. மலைக்கு மேலே மழை விட்டபாடில்லை என்று குமுளி பஸ்ஸில் இறங்குகிறவர்கள் சொல்கிறார்கள். உன் பார்சல்கள் வாய் பிளந்ததில் அந்த மழைக்கும் பங்கு இருக்கிறது.

உரிந்து தொங்கும் டேப்பின் பசைப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பசை முழுக்க டேப்பிலேயே இருக்கிறது. அதன்மேல் கேழ்வரகு மாவு தூவியதுபோல் பழுப்புத் தூள். கனம் தாங்காமல் போயிருந்தால் டேப் குறுக்கே அறுந்திருக்கும். பசை அட்டையில் தங்கி வெறும் பிலிம், அதாவது பிளாஸ்டிக் தாள், மட்டும் கழன்றிருந்தால் டேப் மட்டம். அட்டையின் மேல்தாளைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் டேப் தன் வேலையைச் செய்துவிட்டது, பெட்டிதான் நோஞ்சான் என்று அர்த்தம். உனக்கு இந்த மூன்றும் நடக்கவில்லை. பசை அட்டைக்குள் இறங்கவே இல்லை, தூசியைத்தான் பிடித்திருக்கிறது. அதனால் இன்னும் தடியான டேப் வாங்கி நாலு சுற்றுச் சுற்றுவது வீண் செலவு.

சுற்றுவதில் இன்னொரு சங்கதியும் உண்டு. ரோலிலிருந்து டேப் சுலபமாக உரிந்து வரவேண்டும் என்பதற்காக, அதன் முதுகில் பசை லேசாகத்தான் பிடிக்கும்படி செய்திருப்பார்கள். டேப்புக்கு மேல் டேப் ஒட்டும்போது அந்த முதுகில்தான் ஒட்டுகிறாய். அடியில் உள்ளது அட்டையை விட்டால் மேலே உள்ள மூன்றும் கூடவே கழன்றுவரும். பழைய பெட்டியைத் திரும்ப எடுக்கும்போதும் இதை மறக்காதே. பழைய டேப்பின் மேல் புதிதை ஒட்டாமல், பக்கத்தில் அட்டை தெரிகிற இடத்தில் பாதியாவது படும்படி ஒட்டு.

கடையில் பிரௌன் டேப் என்று கேட்டால் தருவது பாலிபுரொப்பிலீன் பிலிமில் பசை பூசியது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 40 மைக்ரான் என்றால் பிலிமும் பசையும் சேர்ந்த கணக்கு. அதில் பிலிம் 23, 25 மைக்ரான் இருக்கும், மீதிதான் பசை. ஆகவே மைக்ரானைக் கேட்டுவிட்டு நிறுத்தாதே, என்ன பசை என்றும் கேள். நம் பக்கம் அதிகம் கிடைப்பது அக்ரிலிக். தொட்டால் விரலில் சுமாராகத்தான் ஒட்டும். அட்டையில் ஒட்டியபின் மெல்ல மெல்ல இழைகளுக்குள் இறங்கி, ஒரு நாள் போனால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வெயிலுக்கும் மாதக்கணக்கில் குடோனில் கிடப்பதற்கும் அசராது. இன்னொன்று ஹாட் மெல்ட், செயற்கை ரப்பரையும் ரெசினையும் உருக்கிப் பூசியது. வைத்த மாத்திரத்தில் கவ்வும். மறுசுழற்சித் தாளில் செய்த, தூள் உதிரும் மட்ட அட்டையிலும் பிடிக்கும். சூடு மட்டும் அதற்கு ஆகாது. 50, 60 டிகிரிக்குப் போனால் பசை இளகி, இழுவிசையில் டேப் நழுவ ஆரம்பிக்கும்.

உன் பெட்டி போகிற வழியை நினைத்துப் பார். குளிரும் ஈரமுமான குமுளியில் ஒட்டுகிறாய். அன்றைக்கே மலையடிவாரத்து லோயர் கேம்ப் இறங்கி, தேனி வெயிலில் மூடின வண்டிக்குள் வேகிறது. என் முடிவு இதுதான்: மழை மாதங்களில், மட்ட அட்டைக்கு ஹாட் மெல்ட். மார்ச் முதல் மே வரை அக்ரிலிக், அதுவும் சாயங்காலமே ஒட்டிவைத்து மறுநாள் காலையில் அனுப்பு. ஒட்டிய கையோடு வண்டியில் ஏற்றினால் அக்ரிலிக் பாதி பலத்தில்தான் கிளம்பும்.

டேப்பை மாற்றுமுன் பெட்டி அடுக்கியிருக்கும் இடத்தை மாற்று. தரையிலும் சுவரோரத்திலும் கிடந்தால் அட்டை ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய அட்டையில் எந்தப் பசையும் சரியாக இறங்காது. பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. ஒட்டுமுன் நடு இணைப்பை உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிடு. ஏலக்காய்த் தோல், தூசி, மிளகுத் தூள் எல்லாம் அங்கேதான் உட்காரும்.

ஒட்டும்போது டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டாதே. இழுபட்ட பிலிம் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், முதலில் நுனிகள்தான் எழும்பும். உன் படங்களில் நாலு பெட்டியில் நுனியிலிருந்துதான் உரிந்திருக்கிறது. நடுவில் ஒட்டி, இரண்டு முனையிலும் பக்கச் சுவரில் 6 சென்டிமீட்டராவது இறங்கும்படி வெட்டு. பிறகு மடித்த துணியால் அழுத்தித் தேய். டிரான்ஸ்பரன்ட் டேப்பாக இருந்தால் கண்ணுக்கே தெரியும்: ஒட்டிய புதிதில் பால்போல வெண்மைத் திட்டுகள் இருக்கும், தேய்க்கத் தேய்க்க அவை மறைந்து அட்டையின் நிறம் ஆழமாகும். அது வரைக்கும் தேய். முகவரிச் சீட்டிலுள்ள பார்கோடின் மேல் மட்டும் டேப் ஒட்டாதே, பளபளப்பில் ஸ்கேன் ஆகாமல் போகும்.

மூடிகள் இரண்டும் அமுக்காமலே நடுவில் சந்திக்கவேண்டும். சரக்கு திமிறி மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தால் டேப் ராப்பகலாக இழுபட்டு மெல்ல நழுவும். உள்ளே காலியாக இருந்தாலோ, மேலே இன்னொரு பெட்டி ஏறும்போது நடு இணைப்பு குழிந்து டேப் கிழியும். காலி இடத்தில் பேப்பரைக் கசக்கி அடை. தேன் பாட்டில் பெட்டிகளுக்கு அடிப்பக்கம்தான் உயிர், அதை முதலில் ஒட்டு.

10 கிலோ வரைக்கும் 3 பிளை, அதாவது மூன்று அடுக்கு அட்டைப் பெட்டி, 48 மில்லிமீட்டர் அகலத்தில் நடுவில் ஒரே பட்டை போதும். 20 கிலோ வரை 5 பிளை, 72 மில்லிமீட்டர் டேப். நடுப் பட்டையோடு இரண்டு ஓரங்களிலும் ஒட்டி ஆங்கில எச் (H) வடிவம் ஆக்கு. ஓர இடைவெளி வழியே எறும்பும் தூசியும் ஏறாது என்பதால் ஏலக்காய்க்குச் சின்னப் பெட்டியாக இருந்தாலும் எச் நல்லது. 30-க்கு 20-க்கு 20 சென்டிமீட்டர் பெட்டிக்கு நடுப் பட்டை மேலும் கீழும் சேர்த்து 84 சென்டிமீட்டர். 65 மீட்டர் ரோலில் 77 பெட்டி ஆகும். எச் போட்டால் பெட்டிக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் போகும், 30 பெட்டிதான்.

அந்த 65 மீட்டர் உண்மைதானா என்று உன் ஏலக்காய்த் தராசே சொல்லிவிடும். 48 மில்லிமீட்டரில் 65 மீட்டர் 40 மைக்ரான் டேப், நடு அட்டைக்குழல் இல்லாமல், 115 முதல் 120 கிராம் இருக்கும். ரோலைப் புதிதாக நிறு. தீர்ந்ததும் குழலை நிறுத்துக் கழி. மிஞ்சுவது 80, 90 கிராம் என்றால் நீளத்திலோ மைக்ரானிலோ கைவைத்திருக்கிறார்கள். விலை குறைந்த ரோல்களில் குழல் தடித்திருப்பதைப் பார்த்தாலே சந்தேகம் வரவேண்டும்.

தண்ணீர் தொட்டு ஒட்டும் பேப்பர் டேப் பற்றிக் கேட்டிருந்தாய். அதன் மாவுப்பசை அட்டை இழையோடு இழையாகிவிடும்; பிரித்தால் பெட்டி கிழிந்து காட்டிக்கொடுக்கும், அதனால் வழியில் யாரும் திறந்து மூட முடியாது. விலை உயர்ந்த ஏலக்காய்க்கு எனக்கு அதுதான் பிடித்தம். ஸ்பாஞ்சில் தண்ணீர் குறைந்தால் ஒட்டாது, கூடினால் பசை கழுவிப்போகும். பட்டை முழுக்க ஈரம் மின்னவேண்டும், சொட்டக்கூடாது. உங்கள் மழையில் ரோலே ஈரம் இழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எடுத்த நேரம் போக மற்ற நேரம் பாலிதீன் கவரில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கட்டி வை.

இப்போது வாங்கும் பெட்டியில் ஒரு முழம் அட்டையை வெட்டி, இரண்டு விதப் பசையிலும் ஒரு சாண் ஒட்டி, தேய்த்து, ஒரு ராத்திரி விட்டு உரித்துப் பார். எதில் அட்டை இழை பிய்ந்து வருகிறது என்று எழுது. அதற்கேற்ற ரோலைக் கம்பத்திலிருந்து பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

உன் மச்சான்