பயிர்க்காவல் துவக்கு வைத்திருப்போர் சங்கம்: ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், வட்டவிதானைமார், வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நிர்வாகக் கூட்டம் ஏழு முறை கூடியது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். யானை வெடி கேட்டுக் கடிதம் எழுதினோம், கிடைத்ததைப் பகிர்ந்தோம். துவக்கு உரிமம் டிசம்பர் 31 உடன் முடிவதால், கேட்டவர்களுக்குப் புதுப்பிக்கும் படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன்.

இனி, உறுப்பினர்களின் தோட்டாக்களைப் பார்த்துப் பழுதானவற்றை ஒதுக்கிய தோட்டாப் பரிசோதனை. இதற்கு ஏன் இவ்வளவு மினக்கெட்டேன் என்று சிலர் கேட்டதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சென்ற பெரும்போகத்தில், கதிர் முற்றும் நேரம், மைத்துனரின் வயல் வாடியில் இராக்காவலுக்குப் போயிருந்தேன். பன்றிகள் வரம்பேறின. மைத்துனர் சுட்டார். வெடிச்சத்தம் இல்லை, நனைந்த சீனவெடி போல 'புஸ்' என்றது. அடுத்த தோட்டாவைப் போடப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். சற்றுப் பொறுத்து, துவக்கை மடித்துத் தோட்டாவை எடுத்து, டோர்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தோம். மறுபக்கம் தெரியவில்லை. தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கும் ஈயச் சன்னத்துக்கும் இடையில் இருக்கும் தக்கை நடுக்குழலில் இறுகி நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று வெடித்திருந்தால் குழல் பிளந்து அவருடைய இடது கை போயிருக்கும்.

காரணம் தோட்டாவின் வாய். பன்னிரண்டு போர் (12 bore எனும் குழல் அளவு) தோட்டாவின் வாய் ஆறு அல்லது எட்டு மடிப்பாக, பூ கூம்பியது போல உள்ளே மடிந்திருக்கும். பழைய வகையில் வட்ட அட்டை வைத்து விளிம்பைச் சுருட்டியிருப்பார்கள். சன்னம் கொட்டாமல் இருக்கத்தான் இந்த மடிப்பு என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் மருந்து பற்றும் அந்தக் கணத்தில் மடிப்பு கொஞ்சம் தடுத்துப் பிடித்தால்தான் அழுத்தம் ஏறி மருந்து முழுதாக எரியும். மடிப்புத் தளர்ந்தால் மருந்து அரைகுறையாக எரிந்து அவிந்துவிடும், தக்கை வழியில் நிற்கும். மைத்துனர் மாரி முழுக்கத் தோட்டாக்களை வாடிக் கூரையில் செருகி வைத்திருந்தார். வாய் விரிந்ததைக் கண்டு மெழுகுதிரி உருக்கி ஊற்றி மூடியிருக்கிறார். அவர் மட்டுமல்ல, நம்மில் பலர் செய்வதுதான்.

நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற சார்ஜன்ட் ஐயா பரிசோதனை நாளில் ரிவோல்வரை வைத்து விளக்கினார். ஒரு தோட்டா வெடித்தால் சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களும் பின்னுதை வாங்கும். தோட்டாக் கூட்டின் வாய், முனையில் இருக்கும் ரவையைச் சுற்றியுள்ள பள்ளத்தில் இறுகப் பிடிக்காவிட்டால் ரவை முன்னே நழுவிச் சிலிண்டரைச் சுழல விடாது. வெளிநாடுகளில் உரிமத்தோடு தாங்களே ரவை நிரப்புகிறவர்கள் கவனமாகப் பார்ப்பது இந்த மடிப்பைத்தானாம்: அளவு குறைந்தால் ரவை நழுவும், கூடினால் கூடு உப்பி, தோட்டா இருக்கும் அறைக்குள் போகாது. நம் இரட்டைக்குழலிலும் வலது குழல் வெடிக்கும்போது இடதில் கிடக்கும் தோட்டா உதை வாங்குகிறது. சுடாமல் பலமுறை திரும்பி வந்த தோட்டாவின் வாயை ஒருக்கால் தடவிப் பாருங்கள்.

பாட்டன் காலத்துத் துவக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. தோட்டாப் பெட்டியில் 70 மில்லிமீற்றர் என்று இருப்பது, வெடித்து வாய் விரிந்த பின் உள்ள நீளம். பழைய இங்கிலாந்துத் துவக்குகள் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர்தான். மடிந்திருக்கும் தோட்டா தடையின்றி உள்ளே போய்விடும். ஆனால் வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் நெரிபட்டு, அழுத்தம் அளவு மீறும். உள்ளே போனால் பொருத்தம் என்று எண்ணாதீர்கள்.

பரிசோதனைக்கு வந்தவர்கள் பதினொரு பேர். வாய் விரிந்ததும், பித்தளையில் பச்சை பூத்ததும், ஈரத்தில் உப்பியதுமாக ஒரு பனையோலைக் கூடை நிறைந்தது. எல்லாவற்றையும் பொலிஸில் ஒப்படைத்தோம். யாரும் வீட்டில் திரும்ப மடிக்கவோ நிரப்பவோ வேண்டாம். உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம், அதைவிட உயிர் பெரிது.

"மறுகா வாறன்" என்று சொன்ன உறுப்பினர்கள் இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வீடு போய் இரண்டு முறை சொன்னேன். நேரமில்லை என்றவர்களை அன்று பின்னேரமே சந்தியில் கரம் பலகையடியில் கண்டது எனக்கு மிகுந்த கவலை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான், கையிருப்புச் சொற்பம். பாதிப் பேருக்கு மேல் சந்தா கட்டவில்லை. பரிசோதனை நாளின் தேநீர்ச் செலவும் வாகனச் செலவும் என் கைக்காசு. திருப்பிக் கேட்கவில்லை, பதிவில் இருக்கட்டும்.

மண்டபம் தந்த ஆலய நிர்வாகத்துக்கும் சார்ஜன்ட் ஐயாவுக்கும் தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஒவ்வொரு வாடிக்கும் ஈரம் புகாத இரும்புப் பெட்டி ஒன்று வாங்க விருப்பம். அதற்குச் சந்தாவைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டு தவணை செயலாளராக இருந்துவிட்டேன்; இளையவர் ஒருவர் முன்வந்தால் புத்தகங்களை இன்றே கொடுப்பேன். யாரும் வராவிட்டால் அடுத்த பரிசோதனையையும் நானே நடத்துவேன். புரட்டாதியில், விதைப்புக்கு முன் நடக்கும். மைத்துனர் அந்தத் தக்கையை எடுத்து வைத்திருக்கிறார். அன்று கொண்டு வருவார், வந்து பாருங்கள்.

செயலாளர்