சத்துணவில் காய்கறி குறையக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் சத்துணவாக விரிவடைந்து, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு வரை வளர்ந்திருக்கும் பள்ளி உணவுத் திட்டங்கள், தமிழகம் உண்மையாகவே பெருமைப்படத் தக்கவை. அந்த அக்கறையால்தான் இதை எழுதுகிறேன்.

அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை ஆகியவை மையங்களுக்குப் பொருளாகவே வந்துவிடுகின்றன. காய்கறி, மளிகை ஆகியவற்றை மட்டும், ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று ஒதுக்கப்படும் தொகையைக் கொண்டு அமைப்பாளர்களே வாங்க வேண்டியுள்ளது. தக்காளியும் கேரட்டும் விலையேறும் மாதங்களில், எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் சாம்பார் நீர்த்துப்போய், தட்டில் ஓரிரு பூசணித் துண்டுகளே விழுவதைக் கண்டிருக்கிறேன். அதற்குச் சமைப்பவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது.

காய்கறிக்கான தொகையை உழவர் சந்தை விலையையொட்டி மாதந்தோறும் மாற்றியமைக்கவும், இடமுள்ள பள்ளிகளில் முருங்கையும் கீரையும் வளர்க்க ஊராட்சிகள் தண்ணீரும் ஆளும் தந்து உதவவும், சமூக நலத்துறை உடனே ஆவன செய்ய வேண்டும். முருங்கைக்கீரை இரும்புச்சத்து மிக்கது. இரத்தசோகையுள்ள வளரிளம் பெண் பிள்ளைகளுக்கு மிகவும் தேவையானது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திண்டுக்கல்