எந்தக் குப்பியில் எந்த ரத்தம்?

தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர்களுக்கும் நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம். ஆங்கிலத்தில் மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் பள்ளியில் படித்த தமிழில் எழுதுகிறேன். டர்பனில் நம் ஆட்களாவது படிக்கட்டும்.

என் வீட்டுக்காரர் விஷயம் உங்களுக்குத் தெரியும். கழுத்தில் சென்ட்ரல் லைன், அதாவது மருந்து ஏற்றப் பெரிய நரம்புக்குள் விடும் குழாய், போட்ட ஆறாம் நாள் குளிர் ஜுரம். நுரையீரலா, மூத்திரமா, லைனா என்று டாக்டர் யோசித்தார். அதில் குறை சொல்ல மாட்டேன். தோலில் சீழ் இல்லை. ஆனால் சீழ் இல்லாமலும் லைனுக்குள் கிருமி இருக்கலாம் என்றார். ஆன்டிபயாடிக் ஏற்றுமுன் லைனிலிருந்தும் கை நரம்பிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ரத்தம் எடுப்போம்; லேபில் வைத்துப் பார்க்கும்போது லைன் ரத்தத்தில் கிருமி 2 மணி நேரமாவது முந்தி வளர்ந்தால் காரணம் லைன்தான் என்றார். எனக்கே புரிந்தது.

ரத்தம் எடுத்தார்கள். எந்தக் குப்பி எங்கே எடுத்தது என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

லேபில் ஒரு குப்பி முந்தியது. எது? தெரியாது. அதற்குள் மருந்து ஏறிவிட்டது. திரும்ப எடுத்தாலும் கிருமி வளராமல் போகலாம். லைனைப் பிடுங்கி, கழுத்தின் மறுபக்கம் குத்தினார்கள். நான் உள்ளே போனபோது, வாயில் குழாயோடு பேச முடியாத மனிதர் புதுக் கட்டைத் தொட்டுக் காட்டி என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கிறார். என்ன சொல்வேன், ஸ்டிக்கர் ஒட்ட மறந்துவிட்டார்கள் என்றா?

நான் 31 வருடம் துணி ஆலையில் மெஷின் ஓட்டியவள். சீட்டு இல்லாத காலர் கட்டை அடுத்த மெஷின்காரி தொட மாட்டாள். சட்டைக் காலருக்கு இருந்த மரியாதை என் புருஷன் ரத்தத்துக்கு இல்லை. ஆனால் உங்கள் கார் பார்க்கில் கொடுக்கும் சீட்டில் நிமிஷம் வரை அச்சாகி வருகிறது! பார்வை நேரம் முடிந்து ஒரு நிமிஷம் நின்றால் வாட்ச்மேன் விரட்டுகிறார். பேனாதான் தட்டுப்பாடு என்றால் சொல்லுங்கள், ஒரு பெட்டி வாங்கித் தருகிறேன்.

சரி, கோபத்தில் வந்துவிட்டது. சிஸ்டர்கள் ராத்திரி முழுக்க ஓடியதையும் பார்த்தவள்தான் நான். தயவுசெய்து, இனிமேல் ஒவ்வொரு குப்பியிலும் எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று படுக்கையருகிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாத குப்பி வார்டை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். இந்த முறையாவது பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு நோயாளியின் மனைவி