பேங்குக்கு எதற்கு எஸ்.பி.எம். சான்றிதழ்?

அன்புள்ள மகளுக்கு,

பசியாறினாயா? கோலாலம்பூரில் தினமும் மழை என்று அம்மா சொன்னாள். இங்கே பிறையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது.

போன வாரம் அம்மாவுக்குப் போன் செய்து, பேங்கில் கேட்கிறார்கள் என்று உன் சூராட் பெரானாக்கை, அதுதான் பிறப்புச் சான்றிதழை, படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். மறுநாள் பள்ளி இறுதித் தேர்வின் எஸ்.பி.எம். சான்றிதழ். அதற்கும் மறுநாள் என்னுடைய ஐசி, அடையாள அட்டை. எந்த பேங்கில், அம்மாடி, வரலாற்றுப் பாடத்தில் என்ன கிரேடு என்று பார்த்துக் கடன் கொடுக்கிறார்கள்? உன் தம்பியைப் பிடித்து உட்காரவைத்தேன். ஐந்து நிமிஷம் தாக்குப்பிடித்தான், அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்: நீ ஆஸ்திரேலியாவில் பி.ஆர்., நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கேட்கப் போகிறாயாம்.

கோபமில்லை. அழுவோம் என்று பயந்துதானே மறைத்தாய்? அம்மா அழுதாள்தான், அரை மணி நேரம். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஆஸ்திரேலியாவில் முருங்கைக்கீரை கிடைக்குமா என்று கேட்டாள்.

நாலு நாளாக நானும் தம்பியும் அந்த விசாவுக்கான புள்ளிக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உனக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை, ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது என்று உனக்குத் தெரியவேண்டும். வயது 25 முதல் 32 வரை 30 புள்ளி. 33 பிறந்த அன்றே 25 ஆகிவிடும். உனக்கு மார்ச்சில் 33. மூச்சே விடாமல் இருந்த நீ திடீரென்று ஏன் இப்படி ஓடுகிறாய் என்பது அப்போதுதான் விளங்கியது. டிகிரிக்கு 15. ஏழு வருஷ வேலைக்கு 10. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நாலு பகுதியிலும் 8 எடுத்தால் 20. கல்யாணம் ஆகாமல் இருப்பதற்கு 10. இந்தக் கடைசி வரியை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு கலவரம் போதும்.

ஆனால் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்தது வேறு ஒன்று. தமிழுக்கு 5 புள்ளி! நாட்டி என்ற அந்த ஊர் அமைப்பு நடத்தும் சிசிஎல் என்ற மொழிபெயர்ப்புத் தேர்வு. இரண்டு உரையாடல் வரும், ஒவ்வொன்றும் முந்நூறு சொல் அளவுக்கு. ஒருவர் ஆங்கிலத்தில் பேச, இன்னொருவர் தமிழில் பேச, நீ நடுவில் நின்று இங்கும் அங்கும் மாற்றிச் சொல்லவேண்டும். 90க்கு 63, ஒவ்வொன்றிலும் 45க்கு 29 குறையக்கூடாது. உன்னைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தபோது என் கூட வேலை செய்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்கிறாய் என்றார்கள். அவர்களில் இரண்டு பேர் இன்னும் காலையில் என்னோடு ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்கள். நேற்று இந்த 5 புள்ளியை மேசை மேல் வைத்தேன். ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே பேச்சை ஃபுட்பாலுக்கு மாற்றிவிட்டார்.

ஆனால் ஒன்று, அந்தத் தேர்வில் நம் வீட்டுத் தமிழ் செல்லாது. மருத்துவமனை, நீதிமன்றம், காப்புறுதி, வீட்டு வாடகை என்று வருமாம். நீ பாதி வாக்கியத்தில் 'தாப்பாவ்' என்றும் 'பசார்' என்றும் போடுகிறவள். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை போனில் என்னோடு சுத்தத் தமிழில்தான் பேசவேண்டும். நான் ஆங்கிலத்தில் வாசிக்கிறேன், நீ மாற்று. என் ஆங்கிலத்துக்குச் சிரிக்காதே.

இவ்வளவும் போதாமல் போனால் 491 என்ற ஊர்ப்புற விசா இருக்கிறது, அதற்கு 15 புள்ளி கூட. அது நிரந்தரம் இல்லைதான், ஐந்து வருஷ விசா. மூன்று வருஷம் ஊர்ப்புறத்தில் இருந்து வேலை செய்து வரி கட்டிய பிறகு பி.ஆர். கேட்கலாம். உனக்கு அது பிடிக்கவில்லை என்று தம்பி சொன்னான். ஏன்? சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் விட்டால் மற்றதெல்லாம் அவர்கள் கணக்கில் ஊர்ப்புறம்தான், பெர்த்கூட. பினாங்குத் தீவில் இருப்பவர்கள் பிறையில் இருக்கிற நம்மையும் 'அக்கரை ஆட்கள்' என்றுதான் சொல்கிறார்கள். நாம் என்ன குறைந்துபோனோம்?

வேலைக் கடிதத்தில் நீ செய்ததை மட்டும் எழுதி வாங்கு. எனக்குத் தெரிந்த ஒருவர், மகனுக்காக ஏதோ ஒரு ஏஜெண்டை நம்பினார். அந்த ஆள் பையனுக்கு இரண்டு வருஷ அனுபவத்தைச் சும்மா கூட்டி எழுதிக் கொடுத்தான். கண்டுபிடித்துவிட்டார்கள். விசா இல்லை என்றதோடு விடவில்லை, மூன்று வருஷம் திரும்பிக் கேட்கவே முடியாதபடி ஆகிவிட்டது. 4,000 டாலருக்கு மேல் கட்டணம், அதுவும் போனதுதான். உன் டிகிரிக்கு ஏஜெண்டே வேண்டாம். 2009லிருந்து மலேசியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு இங்கே அங்கீகாரம் பெற்ற இன்ஜினியரிங் படிப்பை அவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இனி உன் பாட்டியைப் பற்றி. நீ ஆறு வயதில் பார்த்த பாட்டி வேறு, நான் சொல்லப்போகிறவள் வேறு.

1949இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினாள். பினாங்கில் நேராகக் கரைக்கு விடவில்லை, முதலில் ஜெரெஜாக் தீவில் இறக்கி நோய் இருக்கிறதா என்று பார்த்தார்களாம். துணியையெல்லாம் வாங்கி ஆவியில் வைத்தார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். முப்பது வருஷம் நான் பினாங்குப் பாலம் வழியாக வேலைக்குப் போகும்போதெல்லாம் இடது பக்கம் அந்தத் தீவைப் பார்த்தேன். உனக்கு விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்களே, அன்றைக்குப் பாட்டியை நினைத்துக்கொள்.

அவள் வைத்திருந்ததும் பி.ஆர்.தான். சிவப்பு ஐசி. குடிமக்களுக்குத்தான் நீலம். 1969க்குப் பிறகு நீல ஐசி இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று கெடுபிடி வந்தபோது, எங்கள் தோட்டத்தில் ஒரு வரிசை லயமே காலியானது. பானை சட்டியை விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. நாங்கள் போகவில்லை, தாத்தாவுக்கு நீலம் இருந்தது. பாட்டி மட்டும் சிவப்போடு இருந்தாள். மூன்று முறை மனுப் போட்டாள். மலாய் மொழிச் சோதனையில் வார்த்தை வராமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன். சாகும்வரை ஒரு முறைகூட ஓட்டுப் போட்டதில்லை.

அதனால் சொல்கிறேன். பி.ஆர். வாங்கு, தாராளமாக வாங்கு. அதற்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசாதே. ஆனால் உன் நீல ஐசியை அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதே. நாலு வருஷம் அங்கே இருந்தால் குடியுரிமை கேட்கலாம், ஆனால் நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது, ஒன்றை விடவேண்டும். குடியுரிமையை விட்டால் இபிஎஃப் சேமநிதிப் பணம் முழுவதையும் மொத்தமாக எடுக்கலாம் என்று உன் கூட்டாளிகளே ஆசை காட்டுவார்கள். அங்கே பி.ஆரை வைத்துக்கொண்டே எத்தனையோ பேர் காலம் தள்ளுகிறார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருவதற்கான விசாவைப் புதுப்பித்துக்கொண்டால் சரி. பாட்டி மூன்று முறை கேட்டும் கிடைக்காதது உன் பர்சில் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து, நன்றாக யோசித்து, விடத்தான் வேண்டும் என்று தோன்றினால் விடு. அப்போதும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பத்திரங்கள் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னைக் கொட்டிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். உன் சூராட் பெரானாக்கில் என் பெயர் ஒரு எழுத்துப்படி இருக்கிறது, என் ஐசியில் வேறு எழுத்துப்படி இருக்கிறது. என் பெயரைப் பதிந்த தோட்டத்துக் கிராணி ஒரு 'எச்' போட்டுவிட்டார், உன் பிறப்பைப் பதிந்த அம்மையார் போடவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக யாரும் கேட்கவில்லை. அந்த விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டாமே. நமக்கு ஏது அது? மகள் என்பதற்கு ஏ/பி போட்டு அப்பன் பெயர், அவ்வளவுதான். தம்பி சொல்கிறான், அந்தக் கட்டத்தில் என் பெயர்தான் போகுமாம், அங்கே உன்னை ஆபீசில் என் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். அப்படியென்றால் எழுத்து சரியாக இருக்கவேண்டாமா?

இன்று காலை பட்டர்வொர்த்தில் சத்தியப்பிரமாண ஆணையரிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இரண்டு பெயரும் ஒரே ஆள், அது நான்தான் என்று. வெள்ளிக்கிழமை இடிஎஸ் ரயிலில் அசல் எல்லாவற்றையும் நானே கொண்டு வருகிறேன், தபாலை நம்பமாட்டேன். கேஎல் சென்ட்ரலுக்கு வந்து நில். அம்மாவும் வருகிறாள், அந்த 10 புள்ளி விஷயத்தை மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா